மெதுவாகப் பேசத் தெரியாதவள்

சட்டக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நூலகத்திலிருந்து அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். சண்டை எதுவும் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், "இந்த வார்த்தைக்கு என்ன புள்ள அர்த்தம்?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை அது கிசுகிசுப்பு. கடைசி மேசையில் தலைகவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த சீனியர் ஒருவன் திடுக்கிட்டு எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றான். நூலகர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைக் காட்டினார். அவள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல் எழுந்து போனாள். போனவள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அர்த்தத்தப் பாத்து வையி, நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். அன்று நூலகத்தில் அதற்குமேல் யாராலும் படிக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அவளுக்கு மெதுவாகப் பேச வராது. விடுதியில் நாங்கள் பயிற்சிகூடக் கொடுத்துப் பார்த்தோம். உதட்டை மட்டும் அசை, மூச்சை விட்டுப் பேசு என்றெல்லாம் சொன்னோம். அவளும் கண்ணை மூடிக்கொண்டு சிரத்தையாக முயன்றாள். மூச்சோடு சேர்ந்து குரலும் வந்துவிடும். அதனால் யாரும் அவளிடம் ரகசியம் சொல்வதில்லை. அவளிடமும் ரகசியம் என்று ஒன்று இல்லை என்பது எனக்குப் புரிய நாளானது.

விடுதியில் அலமாரித் தின்பண்டம் காணாமல் போவது சகஜம். யார் எடுத்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம், அடுத்த முறை நாமும் எடுப்போம். அவளும் எடுப்பாள். ஆனால் மாடி வராந்தாவில் நின்றுகொண்டு, "உன்ற டப்பாவுல இருந்த முறுக்க நான் தின்னுட்டேன்! நல்லாருந்துச்சு! ஊருக்குப் போயிட்டு வர்றப்ப மலவாழைப்பழம் கொண்டாறேன்!" என்று கீழே குளியலறையில் இருப்பவளிடம் சொல்வாள். குளியலறையில் இருப்பவளுக்குத்தான் வெட்கமாகப் போகும். பழமும் வந்து சேரும்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்டால் தாராளமாகப் போட்டுக்கொள் என்பாள், அப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடச் சொல்வாள். ஆனால் அவளைத் தெரியாதவர்கள் எல்லாம் அந்தப் பெயரை வாய்க்கு வந்தபடி திட்டிய காலம் ஒன்று இருந்தது. மறுபடியும் அதை வெளியில் இழுத்துவிட எனக்கு மனமில்லை. இப்போது நான் நாமக்கல்லில் வழக்கறிஞர். அவள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். பார்த்து வருஷங்களாகிவிட்டன.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள், திண்ணனூர் நாட்டில் அவள் ஊர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏறினால் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அவள் அப்பாவுக்கு மரவள்ளிக் கிழங்கும் சாமையும், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொஞ்சம் மிளகும். எனக்கு மலையடிவாரத்தில் காரவள்ளி. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் என் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு ஒரே பஸ்ஸில் வருவோம். நான் காரவள்ளியில் இறங்கிக்கொள்வேன். பஸ் முதல் கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய பிறகும் அவள் கண்டக்டரோடு பேசுவது எங்கள் கடை வரைக்கும் கேட்கும்.

எங்கள் கல்லூரியில் எல்லோருடைய கைப்பேசியிலும் ஒரு குழு இருந்தது. அதில் இல்லாத பாடப்புத்தகம் கிடையாது. யாரோ எங்கோ பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றியிருப்பார்கள். சட்டப் புத்தகங்கள் செங்கல் கனம், விலையும் அதற்கேற்ற கனம். நூலகத்தில் ஒன்றிரண்டு பிரதிகள்தான் இருந்தன, அதற்கும் வரிசை. திருட்டு என்று யாரும் அதை நினைக்கவில்லை. நினைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்க வேண்டும். குழுவில் ஒருவர்கூடச் சொந்தப் பெயரில் இல்லை. நிழல், பூனை, கறுப்புக்கோட்டு, பெயரில்லாதவன் என்று புனைபெயர்கள். அவள் மட்டும் தன் முழுப்பெயர், பள்ளிக்கூடத்தில் எடுத்த புகைப்படம், அதன் கீழே ஊர்ப் பெயர் என்று இருந்தாள்.

குழுவை நடத்திய சீனியர் அவளை அழைத்து, "பேர மாத்திக்கம்மா, மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் வம்பு" என்றார்.

"புஸ்தகத்த எடுத்தது நானுங்க. பூனையா எடுத்துது?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவள் பெயரை மாற்றவேயில்லை.

கொரோனா வந்து கல்லூரியை மூடினார்கள். எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். எங்கள் வகுப்பில் ரோஸ்லின் என்று ஒரு பெண். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. அவள் அம்மா செம்மேட்டில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து, மலையே பழகிப்போய்த் தங்கிவிட்டவர். ஆக ரோஸ்லினும் மலையில்தான் இருந்தாள். கல்லூரி நடந்தபோது யாராவது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டுவோம். இப்போது அம்மா நாள் முழுக்க ஆஸ்பத்திரியில். நோய்க்கு நடுவில், ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கும் நர்ஸ் குடியிருப்புக்கு வேறு யாரும் போகவும் முடியாது.

குழுவில் இருந்த புத்தகங்களும் அவளுக்கு உதவவில்லை. எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி அவள் கைப்பேசியில் இருந்தது. ஆனால் இவை புகைப்படங்கள், கோணல்மாணலாக எடுத்தவை. "பக்கத்துக்குப் பக்கம் 'படம், படம்'னு மட்டும் சொல்லுதுடி" என்று ரோஸ்லின் என்னிடம் போனில் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். அதே அழுகையை அந்த உரத்த குரல்காரியிடமும் அழுதிருக்கிறாள். அவள் ஆறுதல் சொல்லவில்லை. மறுநாளே வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் காட்டுக்கு மேலே ஒரு பாறை. அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். காலையில் வேலை முடித்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிய தடித்த புத்தகம் அது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. எங்களுக்கெல்லாம் அதுதான் பாடம். கைப்பேசியில் அந்தத் திருட்டுப் பிரதியைப் பார்த்துக்கொண்டு, அப்பாவின் பழைய போனில் பேசிப் பதிவு செய்வாள். ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரி தொடங்கும். தன் பெயர், அப்பா பெயர், ஊர், நாடு. பிறகு புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், பக்கம். கடைசியில், "ரோஸ்லினுக்காக வாசிக்கிறேன்."

வாசிப்பு என்றால் வெறும் வாசிப்பில்லை. ஒரு பத்தி ஆங்கிலத்தில் படிப்பாள். பிறகு, "இனி வர்றது புஸ்தகத்துல இல்ல, நானாச் சொல்றது" என்று அறிவித்துவிட்டு, கிழங்கு லாரி, மிளகு வியாபாரி, பங்காளித் தகராறு என்று மலையில் நடப்பதை வைத்து விளக்குவாள். முடித்ததும், "இனிமே புஸ்தகம்" என்பாள். பின்னால் மழைச் சத்தம் கேட்கும். அவள் அப்பா மண்வெட்டி போடும் சத்தம் கேட்கும். வகுப்பில் இரண்டு வருஷம் கேட்டும் எனக்குப் பிடிபடாத விஷயங்கள் அதில் பிடிபட்டன.

பிறகு நடந்ததை ரோஸ்லின் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேறொரு கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி, அவளும் பார்வையில்லாதவள், இதைப் பற்றிக் கேள்விப்பட்டு ரோஸ்லினிடம் கேட்டிருக்கிறாள். ரோஸ்லின் இவளுக்குப் போன் செய்து, "குடுக்கட்டுமா?" என்றாள். இவள், "குடு" என்றாள். அதன்பிறகு கண் தெரிந்தவர்களும் கேட்டார்கள். ரோஸ்லின் அப்போதும் கேட்டாள், இவள் அப்போதும் "குடு" என்றாள். கடைசியில் ரோஸ்லினே எல்லாப் பதிவுகளையும் குழுவில் ஏற்றிவிட்டாள். அதை மட்டும் கேட்காமல் செய்தாள்.

"எப்பவும் நான்தான் அடுத்தவங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிப்பேன்" என்றாள் ரோஸ்லின் என்னிடம். "மொத மொதலா எல்லாரும் என்கிட்ட கேட்டாங்கடி. எனக்கு என்னமோ போல ஆயிட்டு."

அது எங்கெங்கோ போய்விட்டது. ஒருநாள் எங்கள் பஞ்சர் கடையில் ஒரு லாரி நின்றது. உள்ளே ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் எந்த ஊர்ச் சட்ட மாணவரோ, போனைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த என் அப்பா நிமிர்ந்து, "ஏம்புள்ள, அந்த மலப்புள்ள சத்தமில்ல அது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நோட்டீஸ் வந்தது. பதிப்பகத்தின் வழக்கறிஞர் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். காப்புரிமை மீறல், குற்றவியல் நடவடிக்கை, நஷ்ட ஈடு. அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவர்கள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அப்பன் பெயரோடும் ஊரோடும் அவளே சொல்லியிருந்தாள். நோட்டீஸ் வந்த செய்தி பரவியதும் பூனையும் நிழலும் கறுப்புக்கோட்டும் ஒவ்வொருவராகக் குழுவிலிருந்து காணாமல் போனார்கள்.

கல்லூரி முதல்வர் நல்ல மனிதர். வழக்கு என்று போவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை பேசிவிடலாம் என்று ஏற்பாடு செய்தார். வீடியோ அழைப்பில் முதல்வர், பதிப்பகத்தின் வழக்கறிஞர், புத்தகத்தை எழுதிய பேராசிரியர், அவள். வழக்குப் பதிவானால் படிப்பு முடிந்து வழக்கறிஞராகப் பதிவு செய்வதே இழுபறியாகிவிடும் என்று எல்லோருக்கும் பயம். அவள் ஊரிலிருந்து சட்டம் படிக்க மலையிறங்கிய முதல் ஆள் அவள்.

பஸ் ஓடத் தொடங்கியிருந்த நேரம். முந்தின நாள் நான் மலையேறிப் போனேன். சட்டத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஊனமுற்றவர்கள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவில் பிரதி எடுத்தால் அது காப்புரிமை மீறல் ஆகாது. சட்டத்திலேயே அப்படி ஒரு விலக்கு உண்டு.

"ரோஸ்லினுக்காக வாசிச்சேன், ரோஸ்லினுக்கு மட்டும்தான் குடுத்தேன்னு சொல்லு. அதோட நிறுத்திக்க" என்றேன். "பொய்கூட இல்ல. நீ ஏத்தல."

கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்ப ஏத்துனது ஆருன்னு கேப்பாங்கல்ல?"

"தெரியாதுன்னு சொல்லு."

"தெரியுமே புள்ள."

"கண்ணு தெரியாத பொண்ணு மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க."

"கண்ணு தெரியாதவன்னு சொல்லி அவளுக்குன்னு சட்டம் விட்டு வெச்சிருக்கிற எடம் அது. அதுக்குள்ளார நானும் போய் ஒளிஞ்சுக்கிறதா? எடம் பத்தாது" என்றாள். சொல்லிவிட்டுக் கிழங்கை இரண்டாக வெட்டிப் போட்டாள். இதையும் உரக்கத்தான் சொன்னாள். வீட்டுக்குள் இருந்த அவள் அம்மா, "ஆரு ஒளியறது?" என்று கேட்டார். "ஆரும் இல்லீங்கம்மா!" என்றாள்.

மறுநாள் காலை பாறைமேல் உட்கார்ந்தோம். நர்ஸம்மா ஸ்கூட்டரில் ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒற்றையடிப் பாதையில் மகளைக் கைபிடித்து நடத்தி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ வாயத் தொறக்கக் கூடாது ரோஸி. நான் கவருமெண்டு உத்தியோகத்துல இருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். எதிர்ச் சரிவில் ஆட்கள் கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவள் அப்பா மண்வெட்டியோடு நின்றார். நோட்டீஸ் விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். தெரியாமல் இல்லை. அதை முதலில் காதில் வாங்க வேண்டியவர் புத்தகத்தை எழுதியவர்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

திரையில் முகங்கள் வந்தன. வழக்கறிஞர் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் வெள்ளைத் தாடியோடு, கேமராவுக்கு மிக அருகில். அவள் வணக்கம் சொன்னாள். வழக்கறிஞர் தன் இயர்போனைக் கழற்றினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசலாமே. இது ரகசியமா நடக்க வேண்டிய பேச்சு. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் பேசுங்க."

"இங்க கதவு இல்லீங்க."

எதிர்ச் சரிவில் ஒரு தலை நிமிர்ந்தது.

"இந்தப் பதிவுகளை நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமாங்க. நான்தானுங்க."

"யாருக்காக?"

"ரோஸ்லினுக்காகங்க."

இதோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். முதல்வர்கூட ஏதோ சாதகமாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை.

"மொதல்ல ரோஸ்லினுக்காகங்க. அப்பறம் கண்ணு தெரிஞ்சவங்களும் கேட்டாங்க. குடுன்னு நான் சொன்னேனுங்க. அது தப்புன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணு, நீங்க கேக்கலீங்க. நான் வாசிச்ச புஸ்தகமே திருட்டுக் காப்பிதானுங்க. காசு குடுத்து வாங்குனது இல்ல."

நான் முகத்தை மூடிக்கொண்டேன். எங்களுக்குச் சாதகமாக இருந்த கடைசி வாதத்தையும் அவளே எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். வழக்கறிஞரே ஒரு கணம் திகைத்துத் தன் காகிதங்களைப் புரட்டினார். எதிர்ச் சரிவில் யாரும் களையெடுக்கவில்லை. எல்லோரும் நிமிர்ந்து எங்கள் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவள் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"பொதுவில ஏத்தினது யாரு?"

"தெரியுமுங்க. சொல்ல மாட்டேன்."

"சொன்னா உங்க பேரை எடுத்துடலாம்."

"என்னுதச் சொல்றது என் வேலைங்க. அடுத்தவங்களுத அவங்கதான் சொல்லோணும். அவங்க சொல்லாட்டிப் போனாலும் என்னுது கொறையாதுங்க."

முதல்வர், "யோசிச்சுப் பேசும்மா" என்றார். வழக்கறிஞர் மறுபடி கேட்டார். அவள் அதே பதிலை அதே குரலில் சொன்னாள். அப்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரோஸ்லின் எழுந்துவிட்டாள். நர்ஸம்மா மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். ரோஸ்லின் தடுமாறி நின்று, திரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், எதிர்ச் சரிவைப் பார்த்து, "நான்தான் சார் ஏத்தினேன்" என்றாள். ரோஸ்லினுக்குப் பூப்போன்ற குரல். போனில் கேட்டிருக்குமோ என்னவோ. "அவங்ககிட்ட சொல்லாம நான்தான் ஏத்தினேன். எனக்குப் படிக்கக் கிடைச்சது எல்லாருக்கும் கிடைக்கட்டும்னு நினைச்சேன்."

நான் அவளைப் பார்த்தேன். ரோஸ்லினுக்காக வாதாடுவாள், குரலை உயர்த்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கைப்பேசியை மெதுவாக ரோஸ்லின் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். அவ்வளவுதான். ரோஸ்லின் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவேயில்லை. எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கக் கையை எடுத்தால் போன் ஆடும் என்று அப்படியே இருந்தாள்.

பேராசிரியர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று வழக்கறிஞர் அழைப்பைத் துண்டித்தார்.

உடனே எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல். அவள் அத்தை. அந்தக் குரலைக் கேட்டதும்தான் இவளுக்கு இந்தத் தொண்டை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நடுவில் பெரிய பள்ளம், இறங்கி ஏற அரை நாள் பிழைப்பு கெடும். இந்த ஊர்ப் பேச்செல்லாம் பள்ளத்துக்கு மேலாகத்தான்.

"ஏங்கண்ணு! என்னத்தத் திருடுனே?"

நான் பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தேன். அவள் எழுந்து பாறை விளிம்புக்குப் போனாள்.

"ஒரு வாத்தியாரு எழுதுன புஸ்தகத்தைங்கத்தே!"

"தூக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க! புஸ்தகம் அங்கயேதான் இருக்குது! அதுல இருக்கறதத்தான் எடுத்துக் குடுத்துட்டேன்!"

"அப்ப அவருக்கு என்ன கொறஞ்சுது?"

"பாடுபட்டவரு அவரு! வெளைஞ்சத அவரக் கேக்காம ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டேனுங்க!"

அத்தை களைக்கொத்தைக் கீழே போட்டார். பிறகு, "அது தப்புத்தான் சாமி!" என்று வந்தது.

"தப்புத்தானுங்க! வாங்கிப் படிக்க முடியாதவங்க என்ன பண்றதுன்னுதான் எனக்கு இன்னும் வெளங்கலீங்க!"

அத்தை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்துகொண்டார். மலை முழுக்க அந்தக் கேள்வி நின்றதுபோல் இருந்தது எனக்கு. வகுப்பறையில் காப்புரிமையைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் வலுவையும் வலியையும் ஒருசேர நான் கேட்டது அன்று, அந்தப் பள்ளத்துக்கு மேலேதான்.

அவள் அப்பா பாறைக்கு ஏறி வந்தார். மெல்லப் பேசும் மனிதர், வீட்டில் ஒருவராவது அப்படி இருந்தாரே என்று நினைத்திருக்கிறேன்.

"தப்புப் பண்ணிட்டியா சாமி?"

"ஆமாங்கப்பா."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனுங்க."

"அப்பச் சோறு திங்க வா" என்றார். ரோஸ்லின் தலையில் கைவைத்து, "நீயும் வா கண்ணு" என்றார். நர்ஸம்மா பாறையில் உட்கார்ந்தபடியே அழுதார். என்ன அழுகை என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சில வாரம் கழித்துப் பதிப்பகத்தின் நிபந்தனைகள் வந்தன. வழக்கு இல்லை. பதிவுகளைப் பொதுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். இனி செய்ய மாட்டோம் என்று இருவரும் உறுதி தர வேண்டும். பார்வையில்லாத மாணவர்கள் மட்டும் கல்லூரி மூலமாகப் பதிவுகளைப் பெற்றுக்கொள்ளலாம். இவள் ஒப்புக்கொண்டாள். அதோடு விடவில்லை. பதிவுகள் போன வழியிலெல்லாம் தன் குரலில் ஒரு செய்தி அனுப்பினாள். இன்னார் பேசுகிறேன், இது அந்தப் பேராசிரியரின் உழைப்பு, அவரைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு, தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

அப்போதுதான் திட்டினார்கள். அவள் குரலைக் கேட்டுத் தேர்வில் தேறியவர்கள், அவள் முகத்தையே பார்க்காதவர்கள். பதிப்பகத்திடம் விலை போனவள், துரோகி, பெரிய அரிச்சந்திரி. எழுதக் கூசும் வார்த்தைகளும் வந்தன, எல்லாம் புனைபெயர்களில். நாள் முழுக்க அவற்றை உட்கார்ந்து படித்தாள். நான் போனைப் பிடுங்கப் போனபோது, "இரு புள்ள. இவங்க சொல்றதுல பாதி நெசம். பரீச்சை வருது, கையில புஸ்தகம் இல்ல. நான் குடுத்துட்டுப் புடுங்கிட்டேன்" என்றாள்.

மறுநாள் மறுபடியும் பாறையில் ஏறினாள். சட்டம் யாருக்கும் சொந்தமில்லை, அவர் எழுதிய வரிகள்தான் அவருடையவை. அவர் வரி ஒன்றுகூட இல்லாமல், சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தன் சொந்தப் பேச்சில் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டு. திட்டியவர்களும் கேட்டார்கள்.

அப்படி ஒரு காலையில் நானும் கூட இருந்தபோதுதான் பேராசிரியர் அழைத்தார். அவள் வழக்கம்போல் ஒலிபெருக்கியில் போட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை அவர்.

"உன் பதிவு எல்லாத்தையும் கேட்டேன். ஒரு உதாரணம் தப்பு."

"எதுங்க ஐயா?"

"பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டுல நின்னு வியாபாரி ஒரு விலை சொல்லிக் கிழங்கு கேக்கறான். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா சரிங்கறாங்க. அவன் வேற இடத்துல வாங்கிட்டுப் போயிடறான். ஒப்பந்தத்தை மீறிட்டான்னு சொல்லியிருக்க."

"ஆமாங்க. அவங்க சரின்னு சொல்லிட்டாங்கல்ல?"

"அவன் காதுல விழுந்துச்சா?"

அவள் யோசித்தாள். "அன்னைக்குக் காத்துங்க. விழுந்திருக்காது."

"விழலேன்னா ஒப்பந்தமே இல்ல. நேருக்கு நேரா பேசறப்ப சம்மதத்தைச் சொன்னா மட்டும் பத்தாதும்மா, எதிராளிக்குக் கேக்கணும்."

அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "அய்யோ, ஊரெல்லாம் தப்பாச் சொல்லிட்டேனுங்களே. இன்னைக்கே திருத்திப் பேசிடறேனுங்க."

"பேசு." ஒரு செருமல். பிறகு குரல் இறங்கியது. "அந்த உதாரணம் நல்லா இருக்கு. இத்தனை வருஷமா நான் தந்தி, தபால்னு எழுதிக்கிட்டு இருக்கேன். அடுத்த பதிப்புல அதைத் திருத்திப் போட்டுக்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். உன் அனுமதி வேணும்."

அவள் துள்ளுவாள் என்று நினைத்தேன். அவள் எதிர்ச் சரிவைப் பார்த்தாள்.

"அது என்னுது இல்லீங்க ஐயா. அந்த அம்மா எங்கத்தைங்க. அவங்களுக்கு நடந்தது. இருங்க, கேட்டுச் சொல்றேன்."

போனைப் பாறையில் வைத்துவிட்டு விளிம்புக்குப் போய்க் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அத்தை தோற்றுப்போனதாகத்தான் புத்தகத்தில் வரும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். காற்று சுழன்றடித்தது. அந்தப் பக்கமிருந்து ஏதோ வந்தது, காற்றில் சிதறிப் போனது.

"சரின்னுதான் சொல்றாங்க, அவருகிட்டச் சொல்லிடு" என்றேன்.

"எனக்குக் கேக்கல புள்ள" என்றாள். வாயருகே இரண்டு கையையும் குவித்து, "காத்துல போயிருச்சுங்கத்தே! இன்னொருக்காச் சொல்லுங்க!" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள். போனில் அவரும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்.

காற்று ஒருமுறை அடங்கியது.

"போட்டுக்கச் சொல்லு சாமி!"

அவள் ஓடிவந்து போனை எடுத்தாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் சொன்னார்.

"கேட்டுதும்மா."